எடைக்குப் போன துப்பறிவோர்

சேர்வராயன் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சென்ற கோடையில் அவற்றையெல்லாம் கடந்து, ஏற்காட்டில் நண்பர் ஒருவருடைய காப்பித் தோட்டத்து வீட்டில் நான்கு நாட்கள் தங்கினோம். வெளியே மூடுபனி, உள்ளே கண்ணாடி அலமாரி நிறைய ஆங்கில ஒற்றர் நாவல்கள். ஒன்றைக் கையில் எடுத்தோம். "மெதுவாக, ஸார்! மேலுறை கிழிந்துவிடும்!" என்று நண்பர் பதறியதைப் பார்த்ததும், நாம் எடுத்தது புஸ்தகமா, பச்சைக் குழந்தையா என்ற சந்தேகம் உண்டாயிற்று.

நண்பர் முதற் பதிப்புகள் சேகரிப்பவர். இயான் பிளெமிங்கின் முதல் ஜேம்ஸ் பாண்டு நாவலாகிய 'கேஸினோ ராயல்' மட்டும் தம்மிடம் இல்லையென்று பெருமூச்சு விட்டார். 1953 ஏப்ரலில் லண்டன் ஜானதன் கேப் கம்பெனியார் அதை வெளியிட்டபோது அச்சிட்டவை ஐயாயிரம் பிரதிகளுக்கும் குறைவு. அவற்றுள் பல நூல் நிலையங்களில் கைபட்டுக் கந்தலாயின. எஞ்சிய நல்ல பிரதி இன்று பல லட்சம் ரூபாய் பெறும். ஆனால் மறு அச்சுக் குறிப்பு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, மேலுறையும் வேண்டும். உறை போனால் விலையில் பெரும் பகுதி போயிற்று! அந்தக் காகிதத்தைக் கிழித்தெறிந்தவர் பலர், பத்திரப்படுத்தியவர் சிலர். அச்சிலரால் வந்ததே இவ்வளவு மதிப்பும்.

மலையிறங்கிச் சேலத்தை நெருங்கும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய முகப்பு வளைவு கண்ணில் பட்டது. 1950-ல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' நாவலைப் படமாக்கியவர்கள் இவர்களே. எம். என். நம்பியார் பற்பல மாறுவேடங்களில் தோன்றித் துப்பறிந்தார். ஜேம்ஸ் பாண்டு பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே நம் நாட்டில் திகம்பர சாமியார் உண்டு, ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் உண்டு. கோவிந்தன் வரும் 'ராஜாம்பாள்' வெளிவந்தது 1908-ல்.

அந்த வளைவைக் கண்டதும் நம் நெஞ்சு சுருக்கென்றது. நம் பாட்டியார் தகரப் பெட்டியில் வடுவூராரின் நாவல்களைப் பூட்டி வைத்திருந்தார். பகல் வேலை முடிந்ததும் வாசற்படியில் அமர்ந்து, அண்டை வீட்டுப் பெண்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். அவர் காலமான பிறகு வீடு மாற்றும் அவசரத்தில், கலாசாலையில் படித்துப் பட்டம் பெற்ற நாமே அவற்றை எடைக்குப் போட்டோம். அவை முதற் பதிப்புகளா என்று புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கதை மறுபதிப்பில் கிடைக்கிறது. ஆனால் அன்றைய விலையும், அட்டைச் சித்திரமும், பின்பக்க விளம்பரங்களும், பாட்டியார் ஓரத்தில் போட்ட பென்சில் கோடுகளும் எங்கே கிடைக்கும்?

நம்மைப் போலன்றி விவேகமாய் நடந்தவர் ஒருவர் செட்டிநாட்டுக் கோட்டையூரில் இருந்தார். விளம்பரப் பலகைகள் எழுதி ஜீவித்த ரோஜா முத்தையா அவர்கள், பண்டிதர் நூல்களோடு மலிவு நாவல்களையும் நாடக நோட்டீஸுகளையும் கலியாணப் பத்திரிகைகளையும்கூடச் சேர்த்துக் காத்தார். 1992-ல் அவர் மறைந்தபின் அச்சேகரத்தை வாங்க முன்வந்தது அமெரிக்காவின் சிகாகோ சர்வகலாசாலை! நல்லவேளையாக அது கடல் கடக்கவில்லை. 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது.

நேயர்களே, தங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். பழைய பேப்பர்காரரின் குரல் கேட்குமுன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.