பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

மும்பையில் நம் தமிழ் மக்கள் பல இடங்களில் உழைக்கிறார்கள். தாராவியில் தோல் பட்டறை, தையல் பட்டறை. மாட்டுங்காவில் ஓட்டல். செம்பூர்ப் பக்கம் பெரிய ஆலைகள். சிலர் கம்பெனியிடம் நேராகச் சம்பளம் வாங்குகிறார்கள். பலர் கண்ட்ராக்டரிடம் வாங்குகிறார்கள்.

சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறார்கள். "பி.எஃப். பிடித்தோம், வரி பிடித்தோம்" என்கிறார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது? போய்ச் சேர்ந்ததா? இதை எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வகைப் பிடித்தம்

ஒன்று, தொழில் வரி. இது மகாராஷ்டிர அரசுக்குப் போகும். மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் ஆணிடம் 200 ரூபாய் பிடிப்பார்கள். பிப்ரவரியில் மட்டும் 300 ரூபாய். பெண்களுக்குச் சம்பளம் 25,000 ரூபாய் வரை இந்த வரி இல்லை. வரி திரும்பி வராது.

மற்றொன்று பி.எஃப். அதாவது வருங்கால வைப்பு நிதி. இது வரி அல்ல. இது உங்கள் பணம். இதற்கான சட்டம் 1952இல் வந்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். கட்டாயம்.

ஒரு கணக்குப் போடுவோம்

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 12 வீதம் உங்களிடம் பிடிப்பது 1,200 ரூபாய். முதலாளியும் தன் கையிலிருந்து 1,200 ரூபாய் போட வேண்டும். அதில் 833 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போகும். மீதி 367 ரூபாய் உங்கள் கணக்கில் சேரும்.

ஆக, மாதம் 1,567 ரூபாய் உங்கள் கணக்கில் ஏற வேண்டும். அதற்கு வட்டியும் உண்டு.

முதலாளியின் பங்கையும் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடிக்கலாமா? கூடாது. அது சட்டப்படி தவறு. உங்களிடம் 2,400 ரூபாய் பிடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

முன்பும் இப்போதும்

முன்பு வருடம் முடிந்த பிறகுதான் கணக்குச் சீட்டு வரும். பணம் கட்டவில்லை என்பது வெகு நாள் கழித்தே தெரியவரும். அதற்குள் கண்ட்ராக்டர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

2012இல் முறை மாறியது. இப்போது முதலாளி ஒவ்வொரு மாதமும் கம்ப்யூட்டர் வழியாக ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தம் என்று பேர் பேராக அதில் இருக்கும். பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

2014இல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 12 இலக்க எண் ஒன்று கொடுக்கத் தொடங்கினார்கள். இதை யு.ஏ.என். என்பார்கள். வேலை மாறினாலும் இந்த எண் மாறாது.

பிரிட்டனில் இதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அங்கே 2013 ஏப்ரல் முதல், சம்பளம் கொடுக்கும் நாளிலோ அதற்கு முன்போ முதலாளி வரித் துறைக்குக் கணக்குச் சொல்லிவிட வேண்டும்.

நீங்களே பார்க்கலாம்

முதலில் உங்கள் யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் செல்போன் எண்ணையும் ஆதாரையும் அதோடு இணைத்திருக்க வேண்டும். போன் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். கண்ட்ராக்டரின் எண்ணாக இருந்தால் செய்தி அவருக்குத்தான் போகும்.

பிறகு அந்த போனிலிருந்து 99660 44425 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். மணி அடித்துத் தானாக நின்றுவிடும். காசு செலவில்லை. கடைசியாகக் கட்டிய தொகையும் மொத்த இருப்பும் செய்தியாக வரும்.

மாதம் ஒரு முறை, 20ஆம் தேதி வாக்கில் பாருங்கள். சம்பளச் சீட்டில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள்.

கண்ட்ராக்டர் கட்டாவிட்டால்?

கண்ட்ராக்டர் தன் ஆட்களைப் பெரிய கம்பெனியில் வேலைக்கு விடுகிறார். அவர் பணம் கட்டவில்லை. அப்போது அந்தக் கம்பெனிதான் கட்ட வேண்டும். பிறகு கண்ட்ராக்டரிடம் வசூல் செய்துகொள்ளலாம். "எனக்கும் இந்த ஆளுக்கும் சம்பந்தமில்லை" என்று கம்பெனி சொல்ல முடியாது.

தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். தாமதமாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் உண்டு. நீங்களே பத்து இருபது பேரை வைத்து வேலை எடுக்கும் சிறு கண்ட்ராக்டரா? அப்படியானால் இதை மறக்காதீர்கள். ஆட்களிடம் பிடித்த பணத்தைத் துணி வாங்கவோ வாடகை கொடுக்கவோ எடுத்துவிடக் கூடாது. அது உங்கள் பணம் அல்ல.

பணம் சேரவில்லை என்று தெரிந்தால் முதலில் கண்ட்ராக்டரிடம் கேளுங்கள். பிறகு கம்பெனியில் சொல்லுங்கள். அதன் பிறகும் நடக்காவிட்டால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். தாராவிக்குப் பக்கத்திலேயே, பாந்திரா கிழக்கில் பி.எஃப். அலுவலகம் இருக்கிறது. சம்பளச் சீட்டு, வேலை அட்டை, போனில் வந்த செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஏன் இவ்வளவு கவனம்?

பத்து வருடம் பணம் சேர்ந்திருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்துவிட்டால் குடும்பத்துக்குக் காப்பீட்டுப் பணம் உண்டு. அது 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கலாம். கணக்கில் மாதங்கள் விடுபட்டுப் போனால் இவை கைக்கு வருவது சிக்கலாகிவிடும். பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தாலும் அலைச்சல்தான். நியமனதாரர் பெயரையும் எழுதிவையுங்கள்.

முன்பு கைநாட்டு வைத்து வாங்கிய சம்பளம் இது. இப்போது நாம் படித்துப் பார்த்து வாங்குகிறோம். பிடித்த பணத்தையும் படித்துப் பார்ப்போம்.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் யு.ஏ.என். எண் என்ன? அதை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.
2. உங்கள் அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய் என்றால் உங்களிடம் எவ்வளவு பிடிப்பார்கள்?
3. உங்களோடு வேலை செய்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த விவரம் தெரியும்? தெரியாதவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.