மூக்கைத் துளைக்கும் கிறிஸ்துமஸ் மீன்

டிசம்பர் 23 அன்று ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் எந்த வீட்டு அடுப்பில் திருக்கை வேகிறது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கழுவாத பொதுக் கழிப்பறையின் நெடி தெருவரைக்கும் வரும். மறுநாள் மாலை கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும். அதற்கு முந்தைய நாள் வாரக்கணக்கில் ஊறிய திருக்கையைச் சாப்பிடுவது அங்கே வழக்கம். கம்பளி உடுப்பில் நெடி ஏறினால் லேசில் போகாது என்பதால் பழைய துணியில்தான் விருந்துக்கு உட்காருவார்கள். அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து கார் நிறுத்தும் கொட்டகையில் சமைப்பவர்கள் உண்டு. வேண்டாம் இந்த வம்பு என்று உணவகத்துக்குப் போய்விடுபவர்களும் உண்டு.

அந்த நாள் புனித தோர்லாக்கின் நினைவு நாள். ஸ்கால்ஹோல்ட்டின் ஆயராக இருந்த அவர் 1193 டிசம்பர் 23 அன்று இறந்தார். ஐஸ்லாந்து கத்தோலிக்க நாடாக இருந்த காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முன் இறைச்சி கூடாது, மீன்தான். 16ஆம் நூற்றாண்டில் நாடு லூத்தரன் சபைக்கு மாறியதும் விரதம் போயிற்று, மீன் போகவில்லை. நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள கடற்கரை மக்கள் அதைத் தொடர்ந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்தபோது கூடவே கொண்டுவந்தார்கள்.

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. திருக்கையின் இரு பக்கச் சிறகுகளையும் வெட்டித் தொட்டியில் குவித்து, சில வாரம் அப்படியே விட்டுவிடுவார்கள். பிறகு வேகவைத்து, உருளைக்கிழங்கோடும் உருக்கிய ஆட்டுக் கொழுப்போடும் பரிமாறுவார்கள். இப்படிப் போட்டுவைத்தால் மற்ற மீன்கள் பெரும்பாலும் அழுகித்தான் போகும். திருக்கை தப்புவது எப்படி?

விடை அதன் இரத்தத்தில் இருக்கிறது. கடல்நீர் உப்புக் கரிக்கும். அதில் வாழும் மீனின் உடலிலிருந்து நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். வஞ்சிரம், மத்தி போன்றவை கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியே வெளியேற்றிச் சமாளிக்கின்றன. சுறாவும் திருக்கையும் வேறு வழி கண்டன. நாம் சிறுநீரில் கழிக்கும் யூரியாவை அவை உடம்பிலேயே தேக்கிவைத்துக்கொள்கின்றன. நம் இரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம்கூட இல்லாத யூரியா, அவற்றின் இரத்தத்தில் ஏறக்குறைய 20 கிராம். உள்ளேயும் வெளியேயும் அடர்த்தி சமமாகிவிடுவதால் நீர் கசிவதில்லை.

மீன் செத்ததும் பாக்டீரியாக்கள் இந்த யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. சதையின் காரத்தன்மை ஏறி, பிஎச் அளவு 9 வரை போகிறது. உணவைக் கெடுத்து நோய் உண்டாக்கும் கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் காரம் ஆகாது. உப்புக் கருவாட்டில் உப்பு செய்கிற வேலையை இங்கே மீனின் சொந்தக் கழிவே செய்துவிடுகிறது. சாப்பிடுபவரின் கண்ணில் நீர் வருவதற்கும் அம்மோனியாதான் காரணம். கண், மூக்கு ஈரத்தில் அது சட்டென்று கரைந்து, மணம் அறியும் நரம்போடு வலி அறியும் நரம்பையும் சீண்டிவிடும்.

உலகின் மறுகோடியில், தென்கொரியாவின் ஜொல்லா பகுதியிலும் இதையே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஹோங்கியோ என்ற புளித்த திருக்கை இல்லாத கல்யாண வீடு அங்கே கல்யாண வீடே இல்லை. அவர்கள் வேகவைப்பதுகூடக் கிடையாது. பச்சையாகவே துண்டு போட்டு, பன்றி இறைச்சியோடும் புளித்த கிம்ச்சியோடும் சேர்த்து வாயில் போடுகிறார்கள். கிம்ச்சியின் புளிப்பு அமிலம் அம்மோனியாவைப் பிடித்து, ஆவியாகாத உப்பாக்கிவிடும். நம் கடலோரத்தில் திருக்கைக் குழம்புக்குப் புளியைக் கொஞ்சம் தாராளமாகக் கரைத்து ஊற்றுவதிலும் இதே வேதியியல்தான் நடக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் வேறு மீனில் சோதித்துப் பார்க்க வேண்டாம். சூரையையும் கானாங்கெளுத்தியையும் வெயிலில் போட்டுவைத்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். பெரிதாக நாற்றம் வராது. கொதிக்கவைத்தாலும் அது அழியாது. முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் வந்த பிறகுதான் தெரியும். நாறும் திருக்கையை விட நாறாத சூரை ஆபத்தானது என்பது மூக்கை மட்டும் நம்புகிறவர்களுக்குச் சங்கடமான செய்தி.

ஐஸ்லாந்துக்காரர்களின் இப்போதைய கவலை நெடியைப் பற்றியது அல்ல. அவர்கள் விரும்பி உண்ட பெரிய திருக்கை இனம் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. பருவத்துக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் மீன் அது. வேறு மீனுக்கு வீசிய வலையிலும் சிக்கிவிடுகிறது. முதுகெல்லாம் முள்ளாக இருக்கும் சிறிய திருக்கை ஒன்றும் இப்போது தொட்டிக்குள் போகிறது.