காதால் ஆடும் விளையாட்டு

மாலை வேளை. கூடத்தில் குழந்தைகள் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து கொண்டு கும்மாளமடிக்கிறார்கள். சுவரோரமாக அமர்ந்திருக்கும் பார்வையற்ற சிறுவன், "இப்போது என்ன ஆச்சு? யார் ஜயித்தது?" என்று கேட்டுக் கொண்டேயிருக்கிறான். அவனுக்குப் பதில் சொல்ல ஒருவருக்கும் அவகாசமில்லை. இத்தகைய காட்சியை நம்மில் பலர் கண்டிருப்போம், "பாவம்!" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அப்பால் போயுமிருப்போம்.

அந்தப் பெருமூச்சுக்கு அவசியமில்லை என்று சொல்லவே இதை எழுதப் புகுந்தோம். அச்சிறுவனும் விளையாடலாம். அது மட்டுமா? பிறர் ஆடுவதற்கு ஒரு விளையாட்டைத் தன் கையாலேயே ஆக்கவும் கற்கலாம்.

கண்ணின் துணையின்றி ஆடுவது எங்ஙனம் என்று கேட்போருக்குப் பார்வையற்றோர் கிரிக்கெட்டே தக்க விடை. பந்தினுள் சிறு உலோகக் குண்டுகள் இருக்கும். தரையோடு உருண்டு வருகையில் பந்து கலகலக்கும். அவ்வொலியைக் கொண்டே ஆட்டக்காரர் மட்டையை வீசுகிறார். இவ்வாட்டத்தின் முதல் உலகக் கோப்பைப் போட்டி 1998-இல் நமது டில்லி மாநகரில்தான் நடந்தது. இதே தத்துவத்தைக் கம்ப்யூட்டரில் புகுத்தினால் ஒலி விளையாட்டு பிறக்கிறது. எதிரி வருவது, கதவு திறப்பது, ஆறு ஓடுவது யாவும் காதுக்கே விருந்து. திரை இருண்டே கிடக்கலாம்.

ஜப்பானில் கென்ஜி ஈனோ என்னும் விளையாட்டு ஆசிரியர், தம்முடைய படைப்புகளைப் பார்வையற்றவர்களும் அரும்பாடுபட்டு ஆடுவதாக அறிந்து, 1997-இல் படமே இல்லாத விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். அது போற்றத்தக்க செயல். எனினும், பிறர் செய்து தரும் வரை காத்திருப்பது ஒன்று. தாமே செய்து கொள்வது வேறு. சுயமுயற்சியின் பெருமையை நமது தேசத்தாருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பேசும் துணைவன்

கம்ப்யூட்டர் கற்கப் புகும் பார்வையற்றவருக்கு முதல் துணை, திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் ஒரு மென்பொருள். முன்னாளில் இதன் விலை சாமானியருக்கு எட்டாததாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். பிள்ளைப் பிராயத்தில் சங்கீத முகாம் ஒன்றில் அவருக்கு நண்பரான ஜேம்ஸ் டே என்பவர், அவரும் பார்வையற்றவரே, உடன் சேர்ந்து கொண்டார். என்.வி.டி.ஏ. என்னும் அம்மென்பொருள் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழை வாசிக்கும் குரலும் அதனுள் அடங்கியிருக்கிறது. அது பெரும்பாலும் பைத்தான் என்னும் புரோகிராம் மொழியில் எழுதப்பட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கு ஆசிரியர்கள் சிபாரிசு செய்யும் மொழியும் அதுவே!

முதற் பாடம்

விசைப்பலகையில் எஃப், ஜே என்ற இரண்டு விசைகளின் மேல் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடுகள் உண்டு. இரு கைகளின் ஆட்காட்டி விரல்களையும் அங்கே வைத்துக் கொண்டால், மற்ற விசைகள் தாமே வசப்படும். அதன்பின் முதல் விளையாட்டு, எண்ணைக் கண்டுபிடிப்பது. கம்ப்யூட்டர் 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணை மனத்தில் வைத்துக் கொள்ளும். நாம் சொல்லும் எண் அதற்கு மேலா, கீழா என்று மட்டும் பதிலளிக்கும். எஞ்சியதைப் பாதி பாதியாகப் பிரித்துக் கொண்டே போனால் ஏழு முறைக்குள் விடை கிட்டிவிடும். ஒரு சில வரிகளில் எழுதி முடிக்கக் கூடிய இவ்விளையாட்டில் படத்துக்கு வேலையே இல்லை.

ஆனால் தொல்லை இல்லாமலில்லை. பைத்தானில் ஒரு வரி எத்தனை இடம் உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்பதைப் பொறுத்துப் பொருளே மாறிவிடும். கண்ணுள்ளவர் அதை ஒரு பார்வையில் அறிவார்; காதால் கேட்பவர் என் செய்வார்? என்.வி.டி.ஏ.யில் ஓர் ஏற்பாடு உண்டு. வரி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை அது வாயால் சொல்லும். விரும்பினால் ஸ்வரத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் உணர்த்தும். அடைப்புக் குறி, முக்காற்புள்ளி முதலியவற்றையும் விடாமல் படிக்கும்படி அமைத்துக் கொள்ள வேண்டும். ஒரு புள்ளி தவறினாலும் புரோகிராம் ஓடாது. இதை அறியாமல் முதல் வாரத்திலேயே மனமுடைந்து விலகுவோர் உண்டு. குற்றம் அவர்கள் அறிவில் இல்லை, அமைப்பிலேதான்.

அடுத்த படி ஒலி. காதில் மாட்டும் ஒலிக்கருவியின் இடப்பக்கத்தில் ஓசையைக் கூட்டி வலப்பக்கத்தில் குறைத்தால், பறவை இடப்புறமிருந்து கூவுவதாகத் தோன்றும். இரண்டையும் சமமாக்கினால் எதிரே நிற்பதாகத் தோன்றும். எதிரே என்பது முன்னாலா, பின்னாலா? இது காதுக்கு எளிதில் விளங்காது. ஆகவே பின்னாலிருப்பதன் ஓசையைச் சற்று மழுக்கிக் காட்டுவது வழக்கம். ஒரே சமயத்தில் பத்து ஓசைகளை எழுப்பினால் சந்தைக் கடை இரைச்சலாகிவிடும். இன்றியமையாதவை இரண்டு மூன்று போதும்.

இங்கேதான் பார்வையற்ற மாணவரின் மேன்மை புலப்படுகிறது. கண்ணுள்ளவர் முதலில் படத்தை எண்ணிப் பிறகு அதற்கு ஓசை தேடுவார். இவரோ ஓசையிலேயே எண்ணத் தொடங்குகிறார். பதினான்காம் வயதில் பார்வை இழந்த நமது நாட்டவரான டி.வி. ராமன், அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் 1994-இல் டாக்டர் பட்டம் பெற்றார். கணித சூத்திரங்களைச் செவிக்கு விளங்கும்படி வாசிக்கும் முறையே அவருடைய ஆராய்ச்சி. பின்னர் அவர் இயற்றிய ஈமாக்ஸ்பீக், திரையில் தோன்றுவதை வெறுமனே ஒப்பிக்காமல், அதன் பொருளையே குரலாலும் ஓசையாலும் உணர்த்துகிறது. ஒலி விளையாட்டு இயற்ற விரும்பும் இளைஞர் மனத்தில் கொள்ள வேண்டிய நெறியும் இதுவே.

பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர், காதில் மாட்டும் கருவி, தினம் ஒரு மணி நேரம் இவையே போதும். புரோகிராமின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் அவற்றின் பொருளை வீட்டில் ஒருவர் சொல்லித் தரலாம். ஆனால் பிழை நேரும்போது நாமே கைநீட்டித் திருத்திவிடலாகாது. பிழை எந்த வரியில் என்று கம்ப்யூட்டரே அறிவிக்கும். தேடிப் பிடிக்கும் சிரமமும், பிடித்தபின் வரும் களிப்பும் அவனுக்கே உரியவை.

பின்னொரு மாலையில் அவன் தன் சொந்த விளையாட்டைத் திறப்பான். திரையில் ஒன்றும் இராது. கூடத்துக் குழந்தைகள் அவனைச் சூழ்ந்து கொண்டு, "இப்போது என்ன ஆச்சு? யார் ஜயித்தது?" என்று கேட்பார்கள். அவன் ஒலிக்கருவியைக் கழற்றி அவர்களிடம் நீட்டுவான்.