கல்யாணப் பத்திரிகைனு வந்த ஃபைல்... நிஜமாவே பத்திரிகைதானா? போனுக்கு எப்படித் தெரியுது?

சிதம்பரத்தில் கல்யாணம். கடலூரில் இருக்கும் சொந்தங்களுக்கு இப்போ பத்திரிகை பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் போகுது. ஒரு படம், இல்லைன்னா பிடிஎஃப், கொஞ்சம் வசதியானவங்கன்னா வீடியோ. இந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக் கும்பல்கள் பிடிச்சுக்கிட்டாங்க. பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு ஆப், அனுப்புறாங்க. 2024 நவம்பரில் ஹிமாச்சலப் பிரதேச போலீஸ் இதுபற்றி எச்சரித்தது.

சரி, ஒரு ஃபைல் படமா, ஆப்பா என்று போனுக்கு எப்படித் தெரியும்?

கடலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீங்க. எல்லா பஸ்ஸும் ஒரே மாதிரிதான் இருக்கு. போர்டைப் பார்த்துத்தானே ஏறுவீங்க? 'சிதம்பரம் / வழி: புதுச்சத்திரம்'. இணையத்தில் வரும் ஒவ்வொரு ஃபைலுக்கும் இப்படி ஒரு போர்டு உண்டு. அதன் பெயர் மீடியா டைப். பழைய பெயர் மைம் டைப். அதிலும் சாய்கோட்டுக்கு முன்னாடி பெரிய வகை, பின்னாடி நுணுக்கம்: 'இமேஜ்/ஜேபெக்', 'வீடியோ/எம்பி4', 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்'. இந்தப் பெயர்களின் அதிகாரபூர்வ பதிவேடு ஐயானா அமைப்பிடம் இருக்கு.

இது முதலில் இமெயிலுக்காக வந்தது. 1992 மார்ச் 11 அன்று, இதை உருவாக்கியவர்களில் ஒருவரான நதானியேல் போரன்ஸ்டீன், தன் பாட்டுக் குழுவின் போட்டோவையும் பாட்டையும் மெயிலில் இணைத்து அனுப்பினார். உலகத்தின் முதல் முக்கியமான அட்டாச்மென்ட், நண்பர்களோட பாட்டு! பிறகு வெப்பும் அதே முறையை எடுத்துக்கொண்டது. சர்வர், பக்கத்தை அனுப்பும்போதே 'கன்டென்ட்-டைப்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பும். அதே வரியில் 'யூடிஎஃப்-8' என்ற எழுத்து முறையும் வரலாம். அது தப்பா இருந்தா, நல்ல தமிழ்ப் பக்கமே புரியாத கிறுக்கலாகத் தெரியும்.

ஆனா போர்டு என்பது அனுப்புறவர் சொல்றதுதான். சர்வர்களும் பெரும்பாலும் ஃபைல் பெயரின் கடைசி வாலைப் பார்த்துத்தான் அதை மாட்டும். அதனால பிரவுசர்கள் சில சமயம் உள்ளே இருக்கும் முதல் சில பைட்டுகளையும் மோந்து பார்க்கும்.

பத்திரிகை மோசடியில் வேடிக்கை என்னன்னா, இங்கே போன் ஏமாறவே இல்லை. பெயர் 'பத்திரிகை.பிடிஎஃப்.ஏபிகே' என்று இருந்தாலும், கடைசி வாலை வைத்து அது ஆப் என்று ஆண்ட்ராய்டுக்குத் தெரியும். அதனாலதான் படம் காட்டாமல், 'தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப்பை அனுமதிக்கவா?' என்று கேட்குது. நாமதான் யார் கல்யாணம்னு பார்க்கும் அவசரத்தில் படிக்காமலே ஓகே கொடுக்கிறோம். உள்ளே போன ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தா ஓடிபி அவங்க கைக்குப் போயிடும்.

பத்திரிகையைத் திறக்க எந்த ஆப்பும் இன்ஸ்டால் பண்ணத் தேவையில்லை. ஏற்கெனவே பண்ணிட்டீங்களா? உடனே நெட்டை ஆஃப் பண்ணுங்க, வேறொரு போனிலிருந்து பேங்குக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் கூப்பிடுங்க. தெரிஞ்ச நம்பரிலிருந்து வந்திருந்தா அவங்களுக்கும் போன் போடுங்க. அவங்க வாட்ஸ்அப்பே வேற யார் கையிலோ இருக்கலாம்.