மாடிக்கு ஏறாத வை-பை!

கீழே கூடத்தில் வை-பை துள்ளி ஓடுகிறது. மாடி அறையில் பிள்ளையின் ஆன்லைன் பாடம் பாதியில் நின்று விடுகிறது. என்ன காரணம்?

சுவர்தான்! வை-பை என்பதும் ரேடியோ அலையே. கான்கிரீட் தளமும் இரும்புப் பீரோவும் அதைத் தடுத்து விடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்து விடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் குறைவு. ஆனால் எட்டும் தூரம் அதிகம்.

சிறிய குரல்

"விலை உயர்ந்த ரவுட்டர் வாங்கினால் சரியாகி விடும்" என்று பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். ரவுட்டர் உரக்கப் பேசலாம். செல்போனும் பதில் பேச வேண்டுமே! அதன் குரல் சிறியது.

கேபிளே துணை

மாடிக்குத் தனியாக ஒரு 'அக்சஸ் பாயிண்ட்' வைப்பதே நல்ல வழி. ரவுட்டரில் இருந்து அதற்குக் கேபிள் இழுக்க வேண்டும். 100 மீட்டர் வரை இழுக்கலாம்.

கேபிள் இல்லாத 'ரிப்பீட்டர்' மலிவுதான். ஆனால் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலையில் என்றால், வேகம் பாதியாகி விடும்.

இரண்டு கருவிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுங்கள். உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள்.

கடைக்குப் போகுமுன் செல்போனும் கையுமாக வீட்டைச் சுற்றி வாருங்கள். அலை எங்கே சோர்கிறதோ, அதற்குச் சற்று முன்புதான் புதிய கருவிக்கு இடம்!