உடைந்த டேஷ்போர்டு: பசையை எடுக்கும் முன்னே பிளாஸ்டிக்கைப் பாருங்க

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை. கீரைக்கட்டும் வெண்டைக்காயும் ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே சந்தைக்குக் கிளம்பினேன். வேன் 1999 மாடல். டேஷ்போர்டில் மீட்டர் பெட்டியைப் பிடிக்கிற இரண்டு காதும் உடைந்து ஆறு மாசமாக ஆடிக்கொண்டிருந்தது. "பிளாஸ்டிக்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டேன். ஆடி ஆடி, சூடு காட்டும் முள்ளுக்குப் போகிற ஒயர் கழன்றுவிட்டது. முள் அடியிலேயே படுத்துக் கிடக்க, எஞ்சின் சூடாகவில்லை என்று நானும் நம்பி ஓட்டினேன். ரேடியேட்டர் ஹோஸ் பிளந்து தண்ணீர் வடிந்தது தெரியவே இல்லை. பாதி வழியில் வண்டி நின்றது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அன்றைய கீரை அத்தனையும் மாட்டுக்குத்தான் போனது.

எஞ்சின் வேலை முடிந்த கையோடு டேஷ்போர்டைப் பார்க்க உட்கார்ந்தேன். புதுசு கிடைக்கவில்லை. காயலான் கடையில் ஒன்று இருந்தது, அது என்னுடையதைவிட மோசம். தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வெயிலும் மூடிய வண்டிக்குள் தேங்கும் சூடும் வருஷக்கணக்கில் பட்டால் பிளாஸ்டிக் இப்படித்தான் விறைத்துப்போகும்.

முதலில் சூப்பர் க்ளூ போட்டேன். மூன்றாம் நாளே தோல் மாதிரி உரிந்து வந்தது. சொட்டுநீர் போடுகிறவர்களுக்கு இதன் காரணம் தெரிந்ததுதான். லேட்டரல் குழாய் அறுந்தால் பசை போட்டா ஒட்டுகிறோம்? ஜாயினர்தானே போடுகிறோம். அது பாலிஎத்திலீன். டேஷ்போர்டின் பல பாகங்கள் பாலிப்ரொப்பிலீன், சுருக்கமாக பி.பி. இரண்டும் ஒரே குடும்பம், சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. ஆனால் அதே டேஷ்போர்டில் வேறு சில பாகங்கள் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்காக இருக்கும். அது நன்றாக ஒட்டும். எது எதுவென்று தெரியாமல் பசை தடவுவது, மண்ணைப் பார்க்காமல் விதை போடுவது மாதிரி.

தெரிந்துகொள்வது சுலபம். பாகத்தைக் கழற்றி முதுகுப்பக்கம் பாருங்க. பெரும்பாலும் பி.பி. அல்லது ஏ.பி.எஸ். என்று ஆங்கில எழுத்தில் அச்சு இருக்கும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் நகத்தளவு சீவி தண்ணீரில் போடுங்க. பி.பி. மிதக்கும், ஏ.பி.எஸ். மூழ்கும். கலப்படப் பொடி சேர்த்த பி.பி. சில சமயம் மூழ்கிவிடும். அதனால் ஒரு சொட்டு அசிட்டோனும் வைத்துப் பார்ப்பேன். ஏ.பி.எஸ். என்றால் இளகிப் பிசுபிசுக்கும். பி.பி. அசையாது.

கழற்றும் முன்னே பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்க. ஏர்பேக் உள்ள வண்டி என்றால் அந்த மூடியில் கை வைக்கவே வேண்டாம்.

என் மீட்டர் கூடு ஏ.பி.எஸ். அதற்குக் கூழ் வைத்தியம். அதே பிளாஸ்டிக்கின் உடைந்த துண்டுகளைப் பொடிசாக நறுக்கி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவு அசிட்டோன் ஊற்றி மூடி வைத்தேன். ஒரு ராத்திரியில் இட்லி மாவுப் பதத்துக்கு வந்தது. உடைந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, விரிசலை முதுகுப்பக்கம் வாய்க்கால் மாதிரி சாய்வாகக் கீறி, கூழை அடைத்து, மேலே மெல்லிய கம்பி வலைத் துண்டு வைத்து, மறுபடி ஒரு பூச்சு. முன்பக்கம் பூசினால் பளபளப்பு போய் அசிங்கமாகிவிடும். இரண்டு நாள் கை வைக்காமல் விட்டேன். அவசரப்பட்டு ஸ்க்ரூ முடுக்கினால் உள்ளே ஈரமாக இருப்பது பிதுங்கி வரும். அசிட்டோன் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றும். வேப்பமரத்தடியில் வைத்துச் செய்யுங்க, பக்கத்தில் பீடி கூட வேண்டாம்.

ஏ.பி.எஸ்.ஸில் சின்னக் காது, தேய்ந்த ஸ்க்ரூ ஓட்டை என்றால் சூப்பர் க்ளூவும் சமையல் சோடாவும் போதும். சோடாவைத் தூவி ஒரு சொட்டு விட்டால் உடனே கல்லாகும். அப்படியே அடுக்கடுக்காக ஏற்றி, பிறகு துளை போடலாம். சோடாவுக்குப் பதிலாகப் பஞ்சு வைக்காதீங்க. பருத்திப்பஞ்சில் இந்தப் பசை பட்டால் கொதித்துப் புகையும், விரல் பொத்துப்போகும்.

கையுறைப் பெட்டியின் மூடி பி.பி. இதைச் சூட்டால்தான் தைக்க முடியும். சால்டரிங் அயர்ன் போதும். விரிசலின் முதுகில் கம்பி வலையை வைத்து, அயர்ன் முனையால் அழுத்தி அழுத்திப் பிளாஸ்டிக்குள் புதைத்தேன். மேலே நிரப்ப அதே ஜாதிப் பிளாஸ்டிக் வேண்டும். முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட டப்பா மூடி பி.பி.தான். அதைப் பட்டைப் பட்டையாக நறுக்கி உருக்கி அடைத்தேன். முனையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டே இருந்தால் மறுபக்கம் ஓட்டை விழும். எனக்கு ஒன்று விழுந்தது, இன்னும் இருக்கிறது. ஆறவைக்கத் தண்ணீர் ஊற்றாமல் அதுவாக ஆற விடுங்க. புகையை மூச்சில் இழுக்காதீங்க. என்ன பிளாஸ்டிக் என்றே தெரியாத துண்டைச் சூடுபடுத்தவே வேண்டாம். பி.வி.சி.யாக இருந்தால் அமிலப் புகை வரும்.

மீட்டர் பெட்டியைத் திரும்ப மாட்டும்போது பின்னால் உள்ள ஒவ்வொரு ஒயரையும் அழுத்திப் பார்த்தேன். ஸ்க்ரூவுக்கு அடியில் பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய வாஷர் போட்டேன், அதிர்வு நேராகக் காதில் இறங்காது. முள் இப்போது ஒழுங்காக ஏறி இறங்குகிறது. சந்தையில் வண்டியை நிறுத்தினால் முன்கண்ணாடிக்கு உள்ளே ஒரு சாக்கை விரித்துவிடுகிறேன்.