மாண்டவர் மீள்வது முறையோ?

கதையில் மட்டும் வாழும் ஒருவன் இறந்தால் அவனுக்காக அழுவோர் உளரா? உளர். அழுவதோடு அமையாது, அவனைக் கொன்ற ஆசிரியரோடு வழக்காடுவோரும் உளர். அத்தகைய வழக்கொன்று அண்மையில் என் வகுப்பறையில் எழுந்தது. பாடம் முடிந்து எஞ்சிய சிறு பொழுதில், உயர்தர வகுப்பு மாணவர் இருவர் பழைய அமெரிக்கத் திரைப்படம் ஒன்றைப் பற்றிச் சொற்போரிட்டனர். "அடுத்த படத்தில் எழுப்புவதென்றால் இந்தப் படத்தில் ஏன் கொன்றார்கள்?" என்றான் ஒருவன். "கொல்லாவிட்டால் நாங்கள் அழுதிருப்போமா?" என்றான் மற்றவன். பின்னர் இருவரும், "நீங்களே சொல்லுங்கள், ஐயா" என்றனர். படத்தைக் காணாது தீர்ப்புக் கூறல் முறையன்று. ஆதலின் இரு நாள் தவணை கேட்டேன்.

வழக்கின் பொருள் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விஞ்ஞானக் கதைத் தொடர். ஜீன் ரொடன்பெரி படைத்த இத்தொடர் 1966 செப்டெம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி, 79 அத்தியாயங்களோடு 1969 இல் நின்றது. இரண்டாம் பருவத்தோடு முடிந்துவிடும் என்ற பேச்சு எழுந்தபோது இரசிகர்கள் திரளாகக் கடிதம் எழுதினர். மூன்றாம் பருவமும் வந்தது. தொடருக்கு உயிரளித்தவர் தாமே என்னும் உரிமையுணர்வு அவர்களிடம் வேரூன்றியமை வியப்பன்று. கதைத் தலைவன் விண்கலத்தின் கப்டன் கேர்க். அவன் உயிர்த்தோழன் ஸ்பொக். ஸ்பொக்கின் தந்தை வல்கன் என்னும் வேற்றுலகத்தவர். தாய் மானிடப் பெண். உணர்ச்சியை அடக்கி அறிவின் வழி ஒழுகுதல் அவன் கோட்பாடு. லெனாட் நிமோய் என்னும் நடிகர் அவ்வேடம் புனைந்தார்.

1982 இல் வெளிவந்த இரண்டாம் திரைப்படத்தில் ஸ்பொக் இறக்கிறான். மீண்டும் அவ்வேடம் தாங்க நிமோய் பெரிதும் விரும்பவில்லை. சிறந்த மரணக் காட்சி ஒன்று தருவதாகக் கூறியே தயாரிப்பாளர் ஹாவ் பெனட் அவரை இணங்கச் செய்தார். படம் வெளிவருமுன்னரே செய்தி கசிந்தது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. தொடரைப் படைத்த ரொடன்பெரியும் அம்மரணத்தை ஏற்கவில்லை.

இவ்வழக்கில் மூன்று கட்சிகள் உள. எம் அன்பினால் வாழ்ந்தவனைக் கொல்ல உமக்கு உரிமை இல்லை என்பது முதற் கட்சி. இறக்கட்டும், ஆனால் அவன் வாழ்வுக்கு ஏற்ற சாவாக இருக்கட்டும் என்பது இரண்டாவது. மீள்வானாயின் எம் கண்ணீர் பொய்யாயிற்று என்பது, அடுத்த படத்தைக் கண்டபின் எழும் மூன்றாவது. என் மாணவருள் ஒருவன் மூன்றாம் கட்சியினன்.

இயக்குநர் நிக்கலஸ் மேயரின் படமே முதற் கட்சிக்கு விடை கூறுகின்றது. தொடக்கக் காட்சியிலேயே ஸ்பொக் வீழ்கிறான். மறுகணம் அது மாணவ அதிகாரிகளுக்கான பயிற்சி எனத் தெரிகின்றது. செய்தி அறிந்து வந்தோர் 'இவ்வளவுதானா!' என்று நெஞ்சாறியிருப்பர். ஆனால் அப்பயிற்சி வெற்றிக்கு வழியே இல்லாத சோதனை. சாவை எதிர்கொள்ளும் மனவலியை அளப்பது. கேர்க் தன் இளமையில் பொறியின் கட்டளைகளை இரகசியமாக மாற்றி அதில் வென்றவன். சாவை ஏமாற்றியவனேயன்றி எதிர்கொண்டவன் அல்லன்.

இறுதியில் உண்மைச் சோதனை வருகின்றது. கலம் அழியும் தறுவாயில், கொடிய கதிர்வீச்சு நிறைந்த அறையினுள் ஸ்பொக் தானே புகுந்து இயந்திரத்தைச் சீராக்குகிறான். கலம் தப்புகின்றது, அவன் தப்பவில்லை. பலர் நலத்தின்முன் ஒருவன் நலம் சிறிது என்ற கணக்கே அவனை உள்ளே செலுத்தியது. வாழ்நாளெல்லாம் அறிவின் வழி நின்றவனின் அறிவு, முடிவில் அன்பாகவே கனிந்தது. சாவு வெளியிலிருந்து வந்து வீழ்ந்த இடியன்று. வாழ்வில் விளைந்த பழம். ஆகவே இரண்டாம் கட்சி வென்றது என்பேன்.

நண்பர் இருவருக்கும் இடையே ஒரு கண்ணாடிச் சுவர். ஸ்பொக் அதன்மேல் கை வைக்கிறான். கேர்க்கும் மறுபுறத்தில் தன் கையை வைக்கிறான். தீர்ப்புக் கூற அமர்ந்த நான் அவ்விடத்தில் நடுநிலை தவறினேன். 2021 ஆம் ஆண்டு, பெருந்தொற்றுக் காலத்தில், என் தமையனாரை நான் இறுதியாகக் கண்டதும் கண்ணாடிக்கு இப்பால் நின்றே. அவர் கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். அழுகைக்கு நிலைக்களன் நான்கு கூறிய தொல்காப்பியர் இழவை அவற்றுள் ஒன்றாக வைத்தார். அதனை எத்தனையோ ஆண்டுகள் மாணவர்க்கு உரைத்திருக்கிறேன். பொருள் விளங்கியது அன்றுதான்.

இனி மூன்றாம் கட்சி. முன்னோட்டமாகப் படம் பார்த்தவர்களின் மனம் கனத்தமையால், ஸ்பொக்கின் பேழை புதிதாய்ப் பிறந்த கோளொன்றில் கிடக்கும் காட்சி இறுதியில் சேர்க்கப்பட்டது. மேயர் அதனை விரும்பவில்லை. 1984 இல் நிமோயே இயக்கிய மூன்றாம் படத்தில் ஸ்பொக் உயிர்த்தெழுந்தான். ஆயின் அதற்கு விலை உண்டு. தோழனைத் தேடிச் சென்ற கேர்க் தன் மகனைப் பறிகொடுத்தான். தன் கலத்தையும் தானே அழித்தான். 2013 இல் வந்த மற்றொரு படத்திலோ அதே கண்ணாடிக் காட்சி இடம்மாறி வந்தது. இம்முறை இறந்தவன் கேர்க். அப்படம் முடியுமுன்னரே ஒருவன் குருதியால் அவன் பிழைத்தான். அங்கே எனக்குக் கண் கலங்கவில்லை.

வேற்றுமை யாது? இறந்தவன் மீண்டமையால் மட்டும் கண்ணீர் பொய்யாவதில்லை. அவன் மீட்சிக்கு எவரும் எதையும் இழக்காதபோதே பொய்யாகின்றது. விலை கொடுத்துப் பெற்ற மீட்சி மரணத்தை மதிக்கின்றது. விலையின்றிப் பெற்றது அதனை எள்ளுகின்றது. மாணவர்க்கு நான் கூறிய தீர்ப்பு இதுவே.

"நிமோய் இப்போது இருக்கிறாரா, ஐயா?" என்று கேட்டான் முதல்வன். 2015 பெப்ரவரி 27 இல், தமது 83 ஆம் வயதில் அவர் காலமானார் என்றேன். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. அவரை மீட்டுத் தரும் அடுத்த படம் இல்லை என்பதை அவர்கள் உணர்ந்திருத்தல் வேண்டும். மெய்வாழ்வில் மீட்சி இல்லாமையினாலன்றோ கதையில் அதனை வேண்டி நிற்கின்றோம்! அவ்வேட்கையை நான் இகழேன். எவரேனும் அதற்கு விலை கொடுக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

மறுநாளும் அவ்விருவர் வழக்காடிக்கொண்டே வகுப்புக்கு வந்தனர். நான் தடுக்கவில்லை.